போர்ஷே 944-ஆ, மாஸ்டா ஆர்எக்ஸ்-7-ஆ? ஒரு வாசகருக்குப் பதில்

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட்டிலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளத்தையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். கோயம்புத்தூர்க்காரர். கல்லூரி நாட்களில் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயே கதியென்று கிடந்தவர். இப்போது மென்பொருள் வேலை, மனைவி, ஐந்து வயது மகள். பழைய பின்சக்கர டிரைவ் கூப்பே ஒன்று வாங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை, அதற்காக 15,000 டாலர் சேர்த்து வைத்திருக்கிறார்.

பார்த்து வைத்திருப்பது இரண்டு கார்கள். ஒன்று 1987 போர்ஷே 944, டர்போ இல்லாதது, சேக்ரமெண்டோவில் ஒரு பெரியவரிடம் இருக்கிறது. மீட்டரில் 68,000 மைல், கேட்கும் விலை 13,500 டாலர், "டைமிங் பெல்ட் எல்லாம் மாற்றியாச்சு" என்கிறார், ஆனால் ரசீது இல்லை. மற்றது 1988 மாஸ்டா ஆர்எக்ஸ்-7, இதுவும் டர்போ இல்லாதது, இரண்டே இருக்கை. சான் ஹோசேயில் ஓர் இளைஞர் 9,000 டாலருக்குத் தருவதாகச் சொல்கிறார். "எஞ்சின் ரீபில்ட் செய்தது, 35 வருஷம் தாண்டிய காருக்கு ஸ்மாக் டெஸ்ட் (புகைச் சோதனை) தேவையே இல்லை, 500 டாலர் அட்வான்ஸ் அனுப்பினால் காரை உங்களுக்கே வைக்கிறேன்" என்றிருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் மகளை இரண்டு மைல் தள்ளியிருக்கும் பள்ளியில் விட்டு வரவும், ஞாயிற்றுக்கிழமை காலையில் மலைச்சாலையில் ஓட்டவும் கார் வேண்டுமாம். மனைவிக்கு இதில் இஷ்டமில்லை. "இது செலவு இல்லை, முதலீடு" என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறார். எதை வாங்கலாம் என்பது கேள்வி.

தம்பி, முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்ப்போம். உங்கள் ஓட்டத்துக்குப் பொருந்துவது 944. ஆனால் சேக்ரமெண்டோவில் நிற்கும் அந்தக் குறிப்பிட்ட 944-ஐ, சோதிக்காமல் 13,500 கொடுத்து வாங்காதீர்கள். ஆர்எக்ஸ்-7 மட்டமான கார் என்று நான் சொல்லவே மாட்டேன், எனக்கு மிகவும் பிடித்த கார்களில் அதுவும் ஒன்று. நீங்கள் அதை ஓட்டப்போகும் விதம்தான் அதற்கு ஆகாது.

பழைய கார்களைச் சோதித்து மதிப்புப் போட்டுக் கொடுப்பது என் தொழில். இந்த இரண்டைப் பற்றியும் வரும் கேள்விகளில் பாதி, காதில் விழுந்த கதைகளிலிருந்து வருபவை. உங்கள் கடிதத்திலும் அப்படிச் சில இருக்கின்றன. "944-ல் இருப்பது வேன் எஞ்சின், நிஜப் போர்ஷே இல்லை என்கிறார்களே" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பேச்சு அதற்கு முந்தைய 924-ஐப் பற்றியது. அதில்தான் ஆடியிலும் ஃபோக்ஸ்வேகன் வேனிலும் போன 2 லிட்டர் எஞ்சினின் உறவு இருந்தது. 944-க்குப் போர்ஷே புதிதாகவே ஓர் எஞ்சின் செய்தது, தன் 928-ன் வி8-இல் ஒரு பக்கத்தை எடுத்த மாதிரி, சாய்த்து வைத்த 2.5 லிட்டர் நாலு சிலிண்டர். நாலு சிலிண்டருக்கு அது பெரிய அளவு, அதிர்வு தாங்காது, அதனால் மிட்சுபிஷியிடம் உரிமம் வாங்கி இரண்டு பேலன்ஸ் ஷாஃப்ட் வைத்தார்கள். எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் பின் அச்சோடு, இரண்டையும் இணைக்கும் டார்க் டியூப் நடுவில். எடை முன்னும் பின்னும் கிட்டத்தட்ட சரிபாதி. வளைவில் அந்தக் கார் காட்டும் நிதானத்துக்குக் காரணம் இதுதான்.

ஆர்எக்ஸ்-7-ல் இருப்பது ரோட்டரி எஞ்சின், மேலும் கீழும் போகும் பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுற்றும் வகை. அதன் இந்த இரண்டாம் தலைமுறை 1985-ல் வந்தது. 944-ஐக் குறிவைத்துச் செய்தது என்று அன்றைக்கே பேசினார்கள், பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் தெரியும். 1986 மோட்டார் டிரெண்ட் இதழ் அதைத்தான் ஆண்டின் சிறந்த இறக்குமதிக் காராகத் தேர்ந்தெடுத்தது. அமெரிக்காவில் விற்றதில் உங்கள் 1988 ஆர்எக்ஸ்-7-க்கு 146 குதிரைத்திறன், 1987 944-க்கு 147. காகிதத்தில் வித்தியாசமே இல்லை. ஓட்டினால்தான் தெரியும்: 944 கீழ் சுற்றிலேயே இழுத்துக்கொண்டு போகும், ஆர்எக்ஸ்-7-ஐ 7,000 சுற்று வரை விரட்டினால்தான் அது விழித்துக்கொள்ளும், அப்படி விழித்தபின் அந்த வழவழப்பு வேறு எந்த எஞ்சினிலும் கிடைக்காது.

இந்த இரண்டு கார்களுக்கும் நடுவில் ஓர் ஊர் உறவும் இருக்கிறது, எத்தனை தடவை நினைத்தாலும் எனக்குச் சலிக்காத விஷயம் அது. ஃபெலிக்ஸ் வான்கெலின் ரோட்டரி எஞ்சின் 1957-ல் முதன்முதலில் ஓடியது ஜெர்மனியின் நெக்கர்சுல்ம் ஊரில், என்எஸ்யூ நிறுவனத்தில். அங்கிருந்துதான் மாஸ்டா 1961-ல் உரிமம் வாங்கியது. பிறகு அந்த என்எஸ்யூ, ஆடியோடு இணைந்துவிட்டது. போர்ஷே 944 தயாரானது அதே நெக்கர்சுல்ம் ஆலையில். நீங்கள் பார்த்து வைத்த இரண்டு கார்களுக்கும் வேர் ஒரே ஊரில் இருக்கிறது.

சரி, காருக்கு வருவோம்.

944-ல் பார்க்க வேண்டியது

டைமிங் பெல்ட்தான் முதல், இரண்டாவது, மூன்றாவது. வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் இயக்குவது அதுதான். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும் வகை எஞ்சின் இது. பெல்ட் போனால் எஞ்சின் ஹெட்டைக் கழற்றி வால்வு மாற்றும் வேலை வரும். பேலன்ஸ் ஷாஃப்டுக்கும் தனியாக ஒரு பெல்ட் இருக்கிறது, அது அறுந்து போய் டைமிங் பெல்ட்டையும் இழுத்துக்கொண்டு போன கார்கள் உண்டு. பொதுவாகச் சொல்லும் கணக்கு 30,000 முதல் 45,000 மைல், அல்லது நாலைந்து வருடம், எது முதலில் வருகிறதோ அது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் காருக்கு மைலை எண்ணிப் பயனில்லை, வருடத்தைத்தான் எண்ண வேண்டும். "மாற்றியாச்சு" என்பவரிடம் ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். பெரியவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. எட்டு வருடத்துக்கு முன் மாற்றியதை "போன தடவைதான்" என்று நினைவில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர், நல்ல மனிதர்கள்தான். பெல்ட்டுகள், ரோலர்கள், வாட்டர் பம்ப், முன்பக்க ஆயில் சீல் எல்லாம் ஒரே தடவையில் செய்ய வேண்டும். உங்கள் சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியா கூலியில் 1,500 டாலருக்குக் குறைவாக முடியாது.

அடுத்தது அந்த 68,000 மைல். இந்தக் காலத்து 944-களின் மைல் மீட்டருக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கிறது, அது உடைந்து மீட்டர் அப்படியே நின்றுவிடுவது சர்வ சாதாரணம். ஸ்பீடோமீட்டர் முள் வேலை செய்யும், எண் மட்டும் நகராது. அது தெரியாமலே வருடக்கணக்கில் ஓட்டியவர்கள் உண்டு. ஓட்டிப் பார்க்கும்போது எண் நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தாலும், நடுவில் ஒருமுறை நின்று சரிசெய்யப்பட்டிருக்கலாம். அதனால் பழைய சர்வீஸ் காகிதம், ஸ்மாக் டெஸ்ட் ரிப்போர்ட்களில் பதிவான மைல், இதையெல்லாம் தேதிவாரியாக வைத்து ஒப்பிடுங்கள். கலிஃபோர்னியாவில் ஓடிய காருக்கு ஸ்மாக் வரலாற்றை அதன் பதிவெண்ணை வைத்து இணையத்தில் பார்க்க முடியும். இவ்வளவு பழைய காரை விற்பவர் மைல் கணக்கை எழுதித் தர வேண்டும் என்று மத்தியச் சட்டம் கட்டாயப்படுத்துவதும் இல்லை, அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது.

கிளட்ச் எப்படி இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். கியர்பாக்ஸ் பின்னால் இருப்பதால் கிளட்ச் மாற்ற எக்ஸாஸ்ட், கியர்பாக்ஸ், டார்க் டியூப் என்று காரின் வயிற்றையே இறக்க வேண்டும். தட்டின் விலை பெரிதில்லை, கூலிதான் ஆளை அடிக்கும். பழைய வகைத் தட்டில் நடுவில் ரப்பர் இருக்கும், அது வயதானால் பிய்ந்துபோகும். கூலன்ட் டாங்கைத் திறந்து பாருங்கள், பழுப்பு நிறத்தில் குழகுழவென்று எண்ணெய் கலந்திருந்தால் ஆயில் கூலர் சீல் போயிருக்கிறது. ஹெட் கேஸ்கெட் என்று பயமுறுத்துவார்கள், பெரும்பாலும் சீல்தான், ஆனாலும் அது பேரத்துக்கு நல்ல காரணம். பேட்டரி வைக்கும் தட்டு துருப்பிடித்திருந்தால் மழைத்தண்ணீர் பயணி பக்கக் கால்மிதிக்குள் இறங்கும், கார்பெட்டைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள். உடல் தகடு துத்தநாகம் பூசியது, கலிஃபோர்னியா கார் என்றால் துருவைப் பற்றி வேறு பெரிய கவலை வேண்டாம்.

ஆர்எக்ஸ்-7-ல் பார்க்க வேண்டியது

"ரோட்டரி எஞ்சின் எப்படியும் வெடித்துவிடும்" என்று உங்கள் நண்பர்கள் சொல்வது சரியில்லை. இந்தக் காரில் இருக்கும், டர்போ இல்லாத 13பி ரோட்டரி எஞ்சினைச் சூடேறும் முன் விரட்டாமல், அளவு மீறிச் சூடாக விடாமல், எண்ணெயைக் கவனித்து ஓட்டினால் ஒரு லட்சம் மைலைத் தாண்டும். அதற்குச் சில பழக்கங்கள் வேண்டும். ரோட்டரின் முனை சீல்களுக்கு எண்ணெய் போட, எஞ்சின் தானே கொஞ்சம் எண்ணெயை எரிபொருளோடு எரிக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். எண்ணெய் குறைவது கோளாறு இல்லை, பார்க்காமல் விடுவதுதான் கோளாறு. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து பத்தடி நகர்த்தி அணைத்துவிட்டால், அடுத்த முறை பெட்ரோல் நிரம்பி ஸ்டார்ட் ஆகாமல் படுத்துக்கொள்ளும். இரண்டு மைல் பள்ளிக்கூடச் சவாரி, நிறுத்தி அணைப்பது, மறுபடி இரண்டு மைல் என்பது அந்த எஞ்சினுக்கு நீங்கள் செய்யக்கூடிய மோசமான காரியம். அது சூடாவதற்குள் நீங்கள் வீட்டுக்கு வந்திருப்பீர்கள். நான் 944 பக்கம் சாய்வதற்கு முக்கியக் காரணம் இதுதான், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

"ரீபில்ட் செய்தது" என்ற சொல்லுக்கு ஆதாரம் கேளுங்கள். யார் செய்தார்கள், எப்போது, எந்தப் பாகங்கள் புதிது, ரசீது எங்கே. ஆதாரம் இருந்தாலும், எஞ்சினுக்குள் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யாமல் ரோட்டரி வாங்கக்கூடாது. சாதாரண மெக்கானிக்கிடம் இருக்கும் கேஜ் இதற்குப் போதாது. ஒரு ரோட்டருக்கு மூன்று முகம், இரண்டு ரோட்டருக்கு ஆறு, அந்த ஆறையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி டெஸ்டர் வேண்டும். மாஸ்டாவின் கணக்கில் 250 சுற்றில் சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோவுக்குக் கீழே இறங்கக்கூடாது, ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் வித்தியாசம் 1.5 கிலோவைத் தாண்டக்கூடாது. எஞ்சினைச் சூடாக்கிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். காலையில் குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது வெள்ளைப் புகை தித்திப்பு வாசனையோடு வந்து நிற்காமல் போனால் உள்ளே கூலன்ட் சீல் போயிருக்கிறது, எண்கள் நன்றாக இருந்தாலும் விலகிவிடுங்கள். ரோட்டரி தெரிந்த கடையில் மறுபடி ரீபில்ட் செய்ய 5,000 டாலரைத் தாண்டும்.

இன்னொன்று, இது உயிர் விஷயம். இந்தத் தலைமுறை ஆர்எக்ஸ்-7-ல் ஃப்யூயல் பல்சேஷன் டேம்பர் என்று ஒரு சின்ன உருண்டை உண்டு. வயதானால் அதிலிருந்து பெட்ரோல் கசியும், கீழே சூடான எஞ்சின். எரிந்துபோன கார்கள் இருக்கின்றன. எந்தக் காரணத்துக்காகவாவது இந்தக் காரை வாங்கினால், முதல் ஞாயிறு மலைக்குப் போவதற்கு முன்னால் இதை மாற்றுங்கள்.

ஸ்மாக் பற்றி அந்த இளைஞர் சொன்னது

தவறு. கலிஃபோர்னியாவில் ஸ்மாக் சோதனையிலிருந்து முழு விலக்கு 1975-ம் அதற்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு மட்டும்தான். 1976 முதல் வந்த பழைய கார்கள் எத்தனை வயதானாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போக வேண்டும். "35 வருடம்" என்று அவர் எங்கோ கேட்டது வேறு சலுகை. 35 மாடல் வருடம் தாண்டிய கார், சேகரிப்புக்காக வைத்திருக்கும் கார்களுக்கான கலெக்டர் கார் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால், ஸ்மாக் ரெஃபரி என்ற சிறப்புச் சோதனை மையத்துக்குக் கொண்டுபோகலாம். அங்கே பாகங்கள் எல்லாம் அசலா என்று பார்க்கும் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் புகைக்குழாயில் வரும் புகை அந்த மாடல் வருடத்து அளவுக்குள் இருந்தே ஆக வேண்டும், பெட்ரோல் மூடியும் கசிவும் சரியாக இருக்க வேண்டும். ரோட்டரி எஞ்சின் இயல்பிலேயே எரியாத பெட்ரோலை நிறைய வெளியே தள்ளும், அந்தப் புகையைச் சுத்தப்படுத்தும் ஏர் பம்பும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் நல்ல நிலையில் இல்லாமல் அது பாஸ் ஆகாது. அவற்றைக் கழற்றிவிட்ட காராக இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது பதிவு செய்ய முடியாத கார். கலெக்டர் இன்ஷூரன்ஸ் வழியை நம்பினால், அந்தக் கம்பெனிகள் பொதுவாகத் தினசரிச் சவாரிக்குச் சம்மதிப்பதில்லை. வாரம் மூன்று நாள் பள்ளிக்குப் போவதை மறைத்து பாலிசி எடுப்பது விபத்து நாளில் உங்களையே திருப்பி அடிக்கும்.

அதைவிட முக்கியம்: தனியார் விற்பனையில் ஸ்மாக் சான்றிதழ் தருவது சட்டப்படி விற்பவரின் பொறுப்பு, அதுவும் 90 நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்பவரிடம் ஒரே பதில்தான், சான்றிதழோடு வாருங்கள், பேசுவோம். அந்த 500 டாலரை இப்போது அனுப்பாதீர்கள். சோதனைக்கு முன் செல்போன் ஆப்பில் அனுப்பிய பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

வாங்கிய பிறகு உங்களுக்கு என்ன உரிமை

ரொம்பக் குறைவு. தனி ஆளிடம் "உள்ளது உள்ளபடி" வாங்கும் பழைய காருக்கு, பழுதான கார் வாங்கியவரைப் பாதுகாக்கும் லெமன் சட்டம் உதவாது, வாரண்டி எதுவும் கிடையாது. விற்றவர் தெரிந்தே பொய் சொல்லி ஏமாற்றினார் என்று நிரூபிக்க முடிந்தால் மட்டும் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம், தனிநபருக்கு அங்கே வரம்பு 12,500 டாலர். நிரூபிக்க எழுத்து வேண்டும். அதனால் பெல்ட், ரீபில்ட், மைல், விபத்து பற்றிய கேள்விகளைப் போனில் கேட்காமல் மெசேஜில் கேளுங்கள், பதிலையும் மெசேஜிலேயே வாங்கி வையுங்கள். பிங்க் ஸ்லிப்பில் (காரின் உரிமைப் பத்திரம்) விற்பவரின் பெயர் இருக்கிறதா, சால்வேஜ் முத்திரை (பெரிய சேதத்தால் கழித்துக்கட்டிய கார் என்ற குறி) இருக்கிறதா, வங்கிக் கடன் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். பத்து நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும். விலைக்கு மேல் வரி உண்டு, உங்கள் அலமேடா கவுண்டியில் அது பத்து சதவீதத்துக்கும் மேல். 13,500-க்கு வாங்கினால் வரி கட்டியதுமே உங்கள் 15,000 தீர்ந்துவிட்டது, பெல்ட்டுக்குப் பணம் இல்லை.

மகள் உட்காரும் இடம். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தை பின்னிருக்கையில், அதற்கான சீட்டில் உட்கார வேண்டும் என்பது மாநிலச் சட்டம். பின்னிருக்கையே இல்லாத காரில் முன்னால் உட்கார வைக்க அனுமதி இருக்கிறது, அதனால் ஆர்எக்ஸ்-7 சட்டவிரோதம் ஆகாது. ஆனால் இந்தக் காலத்துப் பாதுகாப்பு எதுவும் இல்லாத காரில் ஐந்து வயதுக் குழந்தை முன்னால் உட்காருவதற்கு நான் சரி என்று சொல்ல மாட்டேன். 944-ல் பின்னால் சிறிய இருக்கை இருக்கிறது, இப்போதைய கார்களில் வரும் சைல்ட் சீட் கொக்கிகள் இருக்காது, பெல்ட்டால்தான் கட்ட வேண்டும். மகளின் சீட்டைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். பின்னால் தோள் பெல்ட்டும் இருக்கிறதா என்று பாருங்கள், இடுப்புப் பெல்ட் மட்டும் இருந்தால் பூஸ்டர் சீட் வைக்கக்கூடாது. பொருந்தவில்லை என்றால் பள்ளிக்கு வீட்டுக் காரிலேயே போங்கள், இந்தக் கார் ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று ஆனால் என் தீர்ப்பு மாறுமா என்று கேட்பீர்கள். கொஞ்சம் மாறும். நைல்ஸ் கேன்யன் வழியாகப் போய் லிவர்மோர் தாண்டி மைன்ஸ் ரோட்டில் ஒரு காலைப் பொழுது ஓட்டுவது மட்டும்தான் வேலை என்றால், கம்ப்ரஷன் எண்கள் நன்றாக உள்ள, ஸ்மாக் பாஸான ஆர்எக்ஸ்-7 அருமையான கார். விலையும் உங்கள் பட்ஜெட்டுக்குள் மூச்சுவிட இடம் வைக்கிறது. சான் ஹோசே கார் அந்தக் காரா என்பது ஆறு எண்கள் வந்தால்தான் தெரியும்.

அப்புறம் உங்கள் மனைவியிடம் சொன்னது. "முதலீடு" என்ற சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். 944 டர்போவும் எஸ்2-வும் விலை ஏறியது உண்மை, நீங்கள் வாங்கப்போவது சாதா 944, அதற்கு ஏறுவதைவிடச் செலவு ஏறும் வேகம் அதிகம். நன்றாகப் பராமரித்தால் போட்ட விலையில் பெரும்பகுதி நிற்கலாம், பராமரித்த செலவு திரும்பாது. நான் மதிப்புப் போடும்போது வீட்டார் பார்த்துக் கோபப்படுவது காரின் விலையை அல்ல, சொல்லாமல் விட்ட பில்லை. எனக்கு இது ஆசை, முதல் வருடம் விலைக்கு மேல் 3,000 டாலர் ஆகும், அதற்கு மேல் வருடா வருடம் இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்தக் காரணத்தையும் கேளுங்கள், அது பணமாக இல்லாமல் மகளின் பாதுகாப்பாக இருக்கலாம். அதற்கு உங்களிடம் இப்போது பதில் இருக்கிறது.

இந்த வாரம் செய்ய வேண்டியது: போர்ஷே தெரிந்த ஒரு கடையில் சேக்ரமெண்டோ காருக்கு வாங்குமுன் சோதனை ஏற்பாடு செய்யுங்கள், சில நூறு டாலர் ஆகும். பெரியவர் சோதனைக்கு மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். பெல்ட்டுக்கு ரசீது கிடைக்கவில்லை, மற்றதெல்லாம் சரி என்றால் 11,000-லிருந்து பேச ஆரம்பியுங்கள். 11,500-ஐத் தாண்டாதீர்கள். அவர் இறங்கவில்லையென்றால் விடுங்கள், 944-கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் தயாரானவை, காகிதம் முழுதாக இருக்கும் இன்னொன்று வரும். சோதனை ரிப்போர்ட் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், எந்தக் குறைக்கு எவ்வளவு கழிக்கலாம் என்று வரிவரியாகச் சொல்கிறேன்.